"தாத்தா ஊருக்குப் போயிருக்கார்"னு சொல்லிட்டோம். நாலரை வயசுப் பையனுக்கு எந்தப் படக்கதை, எப்படிப் படிச்சுக் காட்டறது?

கீழவாசல்_சித்தி

அக்கா பையனுக்கு நாலரை வயசு, யு.கே.ஜி. அக்காவோட மாமனார் இறந்து இன்னியோட ஒன்பது நாள். பையனை ஸ்கூல்ல விட்டுக் கூட்டிட்டு வர்றது அவர்தான். ஆஸ்பத்திரியிலேயே இறந்துட்டார். வீட்டுக்குக் கொண்டு வந்தப்ப பையனைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டாங்க. "தாத்தா ஊருக்குப் போயிருக்கார்"னு யாரோ ஆரம்பிச்சு வெச்சாங்க, இப்ப எல்லாரும் அதையே சொல்லிட்டு இருக்கோம். மூணரைக்கு ஸ்கூல் விட்டா வேற யார் போனாலும் வர மாட்டேங்கிறான். தாத்தா வண்டி வரட்டும்னு கேட்லயே நிக்கிறான். நேத்து "எந்த ஊரு, போன் போட்டுக் குடு"ன்னு கேட்டான்.

படக்கதைப் புத்தகம் வெச்சு மெதுவாச் சொல்லலாம்னு நினைக்கிறேன். எந்த மாதிரி புத்தகம் எடுக்கணும்? எப்படிப் படிக்கணும்? "இறந்துட்டார்"னு அந்த வார்த்தையையே சொல்லலாமா?

---

பால்வாடி_டீச்சர்

சொல்லணும் சித்தி. புத்தகம் ரெண்டாவது வேலை, அந்த "ஊரை" எடுக்கறதுதான் முதல் வேலை. அதை எடுக்காம எந்தக் கதையைக் காட்டினாலும், கதையில முயல் செத்துப்போச்சு, நம்ம தாத்தா ஊருக்குப் போயிருக்கார்னு ரெண்டையும் தனித்தனியா வெச்சுக்குவான். ஹங்கேரியில குழந்தைங்ககிட்ட பேசி மரியா நாகிங்கிற உளவியல் ஆய்வாளர் 1948-ல எழுதினதுலயே இது வந்துருச்சு. அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்க சாவை ஒரு பயணம் மாதிரி, தூக்கம் மாதிரிதான் எடுத்துக்கறாங்க. அவன் ஏற்கனவே அப்படித்தான் நினைக்கிறான், நாம அதுக்கு டிக்கெட்டும் எடுத்துக் குடுத்துட்டோம்.

அக்காவோ மாமாவோ சொல்லட்டும். தினமும் கூட இருக்கிறவங்க வாயிலருந்து வரணும். காலைல சாப்பிட்டு முடிச்ச நேரம் நல்லது, படுக்கப் போற நேரம் வேண்டாம். இவ்வளவு போதும்: "தாத்தா ஊருக்குப் போயிருக்கார்னு சொன்னோம். அது சரியில்ல. எங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தாத்தா இறந்துட்டார். அவரோட உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு." சொல்லிட்டு வாயை மூடிக்கணும். அதுதான் கஷ்டம். அவன் "சரி, பொம்மை வண்டி எங்க?"ன்னு எழுந்து போனா விட்டுடுங்க. புரியலைன்னு அர்த்தம் இல்ல. ஒரு வாய் வாங்கிட்டுப் போறான், அடுத்த வாய்க்குத் திரும்பி வருவான்.

வார்த்தைகளைப் பத்தி. நம்ம பேச்சுல சாவுக்கு இருக்கிற மரியாதைச் சொல் எல்லாமே குழந்தைக்குக் குழி. "தவறிட்டார்"னா அவனுக்குத் தப்பு பண்ணிட்டார், இல்லைன்னா எங்கயோ தவற விட்டுட்டோம். "காலமானார்" வெறும் சத்தம். "தூங்கிட்டார்" அன்னிக்கு ராத்திரியே வேலையைக் காட்டும், அம்மா கண்ணை மூடினா தட்டி எழுப்புவான். "நட்சத்திரமாயிட்டார்"னா மேகமா இருக்கிற நாள்ல தாத்தா எங்கேன்னு கேப்பான். அவனுக்குத் தெரிஞ்ச சொல் ஒண்ணு இருக்கு: பல்லி செத்துப்போச்சு, எறும்பு செத்துப்போச்சு. அதுலருந்து பாலம் போடுங்க. "பல்லி செத்துப்போச்சுன்னு சொல்வோம்ல? மனுஷங்களுக்கு மரியாதையா இறந்துட்டாங்கன்னு சொல்வோம். ரெண்டும் ஒண்ணுதான்." இந்த இணைப்பு இல்லாம வெறுமனே "இறந்துட்டார்"னு சொன்னா "இறங்கிட்டார்"னு காதுல வாங்கிக்கவும் வாய்ப்பு இருக்கு. எந்த ஸ்டாப்புலன்னு கேப்பான்.

இன்னொண்ணு, பலரும் கவனிக்காதது. "தாத்தா திரும்பி வர மாட்டார்"னு சொல்லாதீங்க. "மாட்டார்"ல ஒரு பிடிவாதம் இருக்கு. "நான் பால் குடிக்க மாட்டேன்"னு அவனே தினமும் சொல்றான். தாத்தாவுக்கு வர இஷ்டமில்ல, நம்ம மேல கோபம்னு எடுத்துக்குவான். "வர முடியாது"ன்னு சொல்லுங்க. பேட்டரி தீர்ந்த பொம்மை மாதிரின்னும் உதாரணம் வேண்டாம். பேட்டரி மாத்தலாமேன்னு கேப்பான், நியாயம்தானே.

---

அலமாரி_மூணாம்தட்டு

டீச்சர் சொன்னதை முடித்துவிட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்துப் புத்தகத்துக்கு வாருங்கள்.

கடையிலோ நூலகத்திலோ எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் முதலில் கடைசி இரண்டு பக்கங்களைப் பாருங்கள். இறந்தவர் ஒளியாகவோ பறவையாகவோ திரும்பி வந்து கையசைத்தால், நாலரை வயதுக்கு அது வேண்டாம். அடுத்து, "இறந்து" அல்லது "செத்து" என்ற சொல் உள்ளே எங்காவது நேராக வருகிறதா? உடம்பு என்ன ஆனது என்று ஒரு வரியாவது இருக்கிறதா? பெரியவர் ஒருவர் அழுகிற படம் இருந்தால் கூடுதல் மதிப்பெண். பெரியவர்கள் அழுதுவிட்டுப் பிறகு எழுந்து வேலை பார்ப்பார்கள் என்பதைக் குழந்தை படத்தில் பார்க்கட்டும்.

மூன்று ஆங்கிலப் புத்தகங்களை அவற்றின் குறைகளோடு சொல்கிறேன்.

"தி டெட் பேர்ட்" (மார்கரெட் வைஸ் பிரவுன், ரெமி சார்லிப் படங்களோடு 1958, கிறிஸ்டியன் ராபின்சன் படங்களோடு 2016). உங்கள் பையனுக்கு இதைத்தான் முதலில் எடுப்பேன். குழந்தைகள் ஒரு செத்த பறவையைக் கண்டெடுக்கிறார்கள். தொட்டால் இன்னும் சூடு இருக்கிறது, விரலை வைத்தால் இதயம் துடிக்கவில்லை. பிறகு உடம்பு சில்லிட்டு விறைக்கிறது. புதைக்கிறார்கள், பாடுகிறார்கள், அழுகிறார்கள். தினமும் போய்ப் பூ வைக்கிறார்கள், மறந்துபோகும்வரை. அந்தக் கடைசி வரி பெரியவர்களுக்குத்தான் சுருக்கென்று இருக்கும். தயவுசெய்து அதை மாற்றிப் படிக்காதீர்கள்.

"தி டென்த் குட் திங் அபௌட் பார்னி" (ஜூடித் வியோர்ஸ்ட், 1971). பூனை செத்துவிடுகிறது. அதைப் பற்றி நல்லதாகப் பத்து விஷயம் யோசிக்கச் சொல்கிறாள் அம்மா, பையனுக்கு ஒன்பதுதான் வருகிறது. பூனை சொர்க்கத்தில் இருக்கிறது என்கிறாள் பக்கத்து வீட்டுச் சிறுமி, மண்ணுக்குள் இருக்கிறது என்கிறான் இவன். அப்பா தீர்ப்புச் சொல்வதில்லை. பாட்டி ஒன்று, அப்பா ஒன்று நம்புகிற வீடுகளுக்கு இது நல்ல புத்தகம். ஆனால் எழுத்து அதிகம், நாலரை வயதுக்குச் சுருக்கித்தான் சொல்ல வேண்டும்.

"பேட்ஜர்ஸ் பார்ட்டிங் கிஃப்ட்ஸ்" (சூசன் வார்லி, 1984). எல்லாரும் பரிந்துரைப்பது. இரண்டாம் பாதி அருமை: பேட்ஜர் (வளை தோண்டி வாழும் ஒரு விலங்கு) கற்றுக்கொடுத்ததை ஒவ்வொரு விலங்கும் நினைத்துப் பார்க்கிறது, ஒன்று காகிதம் வெட்டுவதை, ஒன்று கழுத்துப்பட்டை கட்டுவதை. முதல் பாதியில்தான் சிக்கல். கிழ பேட்ஜர் கணப்பருகே நாற்காலியில் தூங்கிப்போகிறது, நீளமான சுரங்கத்தில் ஓடுவதாகக் கனவு காண்கிறது, காலையில் இறந்திருக்கிறது. தூக்கமும் சாவும் ஒரே பக்கத்தில். ஆறேழு வயதுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியப் புத்தகம் என்றால், பாட்டியை இழந்த சிறுமி கேள்வி மேல் கேள்வி கேட்கிற "கான் கிராண்ட்மதர்" (சதுரா ராவ்) இருக்கிறது, சென்னை துலிகா வெளியீடு. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை வாசிப்பு நிலை 1 முதல் 4 வரை பிரித்து வைத்திருக்கிறார்கள், இலவசமாக இறக்கி அச்சிடலாம். இவனுக்கு நிலை 1 அல்லது 2. சாவைப் பற்றிய கதைதான் வேண்டும் என்றில்லை. விதை, உதிர்ந்த இலை, பட்டுப்போன மரம் பற்றிய கதைகளும் இந்த வேலைக்கு ஆகும்.

ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே வாயில் மொழிபெயர்த்தால் தடுமாறுவீர்கள். தடுமாறும் இடம் சரியாக "இறந்தது" என்ற இடமாகவே இருக்கும். அந்த நேரத்தில் நாக்கு தானாக "சாமிகிட்ட போயிடுச்சு" என்று சறுக்கும். முந்தின நாளே ஒட்டுத்தாளில் பக்கத்துக்கு 15 முதல் 20 சொற்களுக்குள் பேச்சுத் தமிழில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். தனியாக இரண்டு முறை சத்தமாகப் படியுங்கள். குரல் உடையும் இடம் தெரிந்துவிடும்.

படிக்கும்போது எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். இருவரும் படத்தைப் பார்க்க வேண்டும், அவன் முகத்தை யாரும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஐந்து முதல் ஏழு நிமிடம், அதன்பின் அரை மணி நேரமாவது விளையாட்டு. பக்கத்தைத் திருப்பும் முன் மனசுக்குள் பத்து எண்ணுங்கள். கேள்வி கேட்டால் கதைக்குள்ளேயே கேளுங்கள்: "இந்தப் பாப்பா ஏன் கையை இப்படி வெச்சிருக்கு?" "உனக்கும் தாத்தா நெனப்பு வருதா?" என்று இழுத்தால் கதை பாடமாகிவிடும். அந்த முடிச்சை அவனே போடட்டும், மூன்றாம் வாசிப்பிலோ பத்தாம் வாசிப்பிலோ. நடுவில் புத்தகத்தை மூடினால் "சரி, இங்கேயே இருக்கும்" என்று அவன் கைக்கு எட்டும் தட்டில் வையுங்கள். ஒரே பக்கத்தை இருபது முறை கேட்டால் இருபது முறையும் அதே சொற்களில் படியுங்கள். ஒவ்வொரு முறையும் பதில் மாறவில்லை என்பதைத்தான் அவன் சோதிக்கிறான்.

---

வடக்குத்தெரு67

எல்லாம் சரி. ஆனால் "சாமிகிட்ட போயிட்டார்" என்பது நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்வதுதானே. அதைக்கூடச் சொல்லக் கூடாது என்றால் எப்படி? பாட்டி வாயை அடைக்க முடியுமா?

---

பால்வாடி_டீச்சர்

ஐயா, சொல்லக் கூடாதுன்னு இல்ல. வரிசைதான் முக்கியம். உடம்பு முதல்ல, நம்பிக்கை அப்புறம். "தாத்தா இறந்துட்டார், உடம்பு வேலை செய்யாது, திரும்பி வர முடியாது" என்கிறது பதிஞ்ச பிறகு, "தாத்தா சாமிகிட்ட இருக்கார்னு பாட்டி நம்பறாங்க"ன்னு தாராளமாச் சொல்லலாம். தலைகீழாச் சொன்னா, இவ்வளவு நாளா "ஊருக்குப் போயிருக்கார்"னு கேட்டுட்டு இருந்த பிள்ளைக்கு சாமியும் இன்னொரு ஊர். "சாமி கூட்டிட்டுப் போயிட்டார்" மட்டும் எந்த வரிசையிலயும் வேண்டாம். அடுத்து யாரைக் கூட்டிட்டுப் போவார்ங்கிற பயம் வரும், கோயில் வாசல்ல அழுது அடம்பிடிக்கும். காரணம் தெரியாம நாம திட்டுவோம்.

---

ஊசிநூல்

கடையில் கிடைக்கும் எந்தப் புத்தகத்திலும் அவன் தாத்தா இல்லை. மூணரை மணியும் இல்லை. அதனால் வீட்டிலேயே ஒன்று செய்யுங்கள், இரண்டு மணி நேர வேலை.

ஏ4 தாள் 4. சாதா ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) இருக்கும், மறுபக்கம் தெரியும். 120-க்கு மேல் கேட்டு வாங்குங்கள். நான்கையும் ஒன்றாக வைத்துக் குறுக்கே பாதியாக மடித்தால் 16 பக்கம். வெளியே ஒரு சார்ட் தாள் அட்டை. மடிப்பின் நீளம் 21 செ.மீ. நடுவில் 10.5-ல் ஒரு துளை, மேலிருந்து 3, கீழிருந்து 3 செ.மீ.-ல் ஒவ்வொன்று. கோணி ஊசியால் உள்ளிருந்து வெளியே குத்துங்கள். 55 செ.மீ. கெட்டி நூல். உள்பக்கம் நடுத்துளையில் ஆரம்பித்து வெளியே வாருங்கள், மேல்துளை வழியாக உள்ளே, உள்ளேயே நடுவைத் தாண்டிக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே. நடுவில் ஓடும் நீள நூலுக்கு இரு பக்கமும் ஆளுக்கொரு முனை இருக்க வேண்டும், அதன் மேல் முடிச்சுப் போடுங்கள். ஒரே பக்கம் இருந்தால் முடிச்சு தொளதொளக்கும். ஸ்டேப்ளர் வேண்டாம். சாதாரண ஸ்டேப்ளர் வாய் நடு மடிப்புவரை எட்டாது, எட்டினாலும் பின் விரலில் குத்தும்.

படம்: 4-க்கு 6 அங்குலப் பிரிண்ட். நெடுக்குப் படமாகப் போடுங்கள், கீழே எழுத 5, 6 செ.மீ. இடம் கிடைக்கும். படுக்கைவாட்டுப் படம் 15 செ.மீ.-க்குக் கொஞ்சம் மேலே, பக்கம் 14.8 தான். ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு இரண்டே நாளில் கிழியும். வெள்ளைப் பசை தாளைச் சுருக்கும், குச்சிப் பசை போதும். மாலை போட்ட படம் இதில் வேண்டாம். வண்டியோடு நிற்கிற படம், வெற்றிலை மடிக்கிற கை, செருப்பு, இப்படி.

வரிகள் ஏறத்தாழ இப்படி, பக்கத்துக்கு ஒன்று. வண்டி நிறமும் நோயும் உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

இது தாத்தா.
தாத்தாவோட வண்டி பச்சைக் கலர்.
மூணரை மணிக்குத் தாத்தா ஸ்கூல் கேட்ல நின்னார்.
தாத்தாவோட நெஞ்சுல ரொம்ப ரொம்பப் பெரிய நோய் வந்துச்சு. சளி, காய்ச்சல் மாதிரி சின்ன நோய் இல்ல.
டாக்டர் மருந்து குடுத்தாங்க. மருந்தால சரியாக்க முடியல.
தாத்தா இறந்துட்டார்.
உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. மூச்சு விடாது. பசிக்காது. வலிக்காது.
இறந்தவங்களால திரும்பி வர முடியாது.
நீ சொன்ன எதனாலயும், செஞ்ச எதனாலயும் தாத்தா இறக்கல.
பாட்டி அழுவாங்க. அழுதுட்டு நமக்குச் சோறு போடுவாங்க.
இனிமே மூணரைக்குச் சித்தி வருவாங்க.
வண்டி நம்ம வீட்லதான் இருக்கு.

முதல் பக்கம் தலைப்பு, கடைசி மூன்றும் வெற்றுப் பக்கம். மூன்றாம் வரி இறந்த காலத்தில் இருக்கிறது, வண்டி மட்டும் நிகழ்காலத்தில். வண்டி இருக்கிறது, அதனால் அப்படி. சளி, காய்ச்சல் வரியை விடாதீர்கள், இல்லையென்றால் அடுத்த முறை அம்மாவுக்குத் தலைவலி என்றாலே மிரளுவான். "நீ செஞ்ச எதனாலயும்" வரியையும் விடாதீர்கள். கோபத்தில் "தாத்தா போ"ன்னு என்றைக்காவது கத்தியிருப்பான், அதைக் கணக்கில் வைத்திருப்பான். "மூணரைக்கு யார்" என்பதில் உண்மையில் வரப்போகிறவர் பெயரைப் போடுங்கள். நாளொரு ஆள் போனால் புத்தகம் பொய்யாகிவிடும்.

பெரியவர்கள் கடைசியில் "எல்லாம் சரியாயிடும்" என்று ஒரு பக்கம் சேர்ப்பார்கள். சேர்க்க விடாதீர்கள்.

---

கீழவாசல்_சித்தி

ரொம்ப நன்றி எல்லாருக்கும். அக்கா இன்னிக்குக் காலைல சொல்லிட்டா. இன்னும் மூணு கேள்வி. அடுத்த வாரம் 16-ஆம் நாள் காரியம், அவனை உக்கார வைக்கலாமா? படையல் போடுவோம், காக்காவுக்கு வைப்போம், அப்ப "தாத்தா சாப்பிடுவாரா"ன்னு கேட்டா? அப்புறம், எரிச்சதைப் பத்திக் கேட்டா என்ன சொல்ல?

---

பால்வாடி_டீச்சர்

உக்காரலாம், அவனுக்கு இஷ்டம் இருந்தா. முந்தின நாளே வரிசையாச் சொல்லிடுங்க: தாத்தா படத்துக்கு மாலை இருக்கும், விளக்கு எரியும், நெறைய பேர் வருவாங்க, சில பேர் சத்தமா அழுவாங்க, அப்புறம் சாப்பாடு. அவனைப் பாத்துக்கறதுக்குன்னே ஒரே ஒரு ஆள் வேணும், அந்த ஆளுக்கு அன்னிக்கு வேற வேலையே குடுக்கக் கூடாது. போதும்னா எழுந்து போக வழி இருக்கணும். இலைல ஒரு ஸ்வீட் வைக்கிற மாதிரி சின்ன வேலை ஒண்ணு குடுத்தா நல்லது.

படையலுக்கு: "தாத்தாவோட உடம்பு சாப்பிடாது. அவருக்குப் பிடிச்சதை அவரை நெனச்சு வைக்கிறோம். காக்கா வந்து சாப்பிடும்." யாராவது "தாத்தாவே காக்காவா வந்துட்டார்"னு சொல்லுவாங்க, கண்டிப்பா. மறுநாள்லருந்து மொட்டைமாடியில காக்காவைப் பாத்து உக்காந்துடுவான். சண்டை போட வேண்டாம், "அப்படி நெனச்சுக்கறது பாட்டிக்குப் பிடிக்கும்"னு சொல்லிட்டா போதும்.

எரிச்சதை அவனா கேக்காம நீங்க எடுக்க வேண்டாம். கேட்டா மறைக்கவும் வேண்டாம். "தாத்தாவை எரிச்சாங்க"ன்னு சொல்லாம "தாத்தாவோட உடம்பை"ன்னு சொல்லுங்க. வலிச்சுதான்னு கேட்டா, புத்தகத்துல இருக்கிற அதே வரி: இறந்த உடம்புக்கு வலிக்காது. புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டுங்க. ஆங்கிலப் புத்தகத்துல புதைக்கிற படம்தான் வரும், "அவங்க புதைக்கிறாங்க, நம்ம வீட்ல எரிப்போம்"னு ஒரு வரி சொல்லிட்டுப் பக்கத்தைத் திருப்பலாம்.

ஸ்கூல் மிஸ்கிட்டயும் இதே வார்த்தைகளை எழுதிக் குடுங்க. அங்க "தாத்தா ஸ்டார் ஆயிட்டாரு"ன்னு ஒருத்தர் சொன்னா மொத்த வேலையும் போச்சு. முழு வகுப்புக்கும் இந்தக் கதையைப் படிச்சு, எல்லாரும் இவனைத் திரும்பிப் பாக்கிற மாதிரி பண்ணிட வேண்டாம்னும் சொல்லிடுங்க.

---

அலமாரி_மூணாம்தட்டு

ஒன்று சேர்க்கிறேன். சில வாரங்களுக்குப் படுக்கையை நனைப்பது, மழலையாகப் பேசுவது, யாரையும் விட்டு நகராமல் ஒட்டிக்கொள்வது எல்லாம் வரும், போகும். பொம்மையைப் படுக்கவைத்துச் சாவு விளையாட்டு விளையாடினால் தடுக்காதீர்கள், அது அவனுக்குப் படக்கதையின் தொடர்ச்சி. ஆனால் சாப்பாடு, தூக்கம், விளையாட்டு மூன்றும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனால், அல்லது "நானும் செத்துத் தாத்தாகிட்ட போறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால், புத்தகத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ போங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098, தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு. தமிழிலேயே பேசலாம்.

---

கீழவாசல்_சித்தி

தாள் வாங்கிட்டேன். ஊசிநூல், பக்கத்தை எல்லாம் லேமினேட் பண்ணிடலாமா? கிழிக்காம இருப்பானே.

---

ஊசிநூல்

வேண்டாம். லேமினேட் பண்ணினால் மடிப்பில் ஊசி இறங்காது, தாளும் விறைத்துக்கொண்டு மடங்காது. அதைவிட, அவன் அதில் கிறுக்க முடியாது. கடைசி மூன்று பக்கம் அவனுக்காக விட்டது. ஒரு கிரேயானை நூலில் கட்டிப் புத்தகத்தோடு தொங்க விடுங்கள். கிழிந்தால் ஒட்டலாம், பிரிண்டை மட்டும் இரண்டு செட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.